தோளில் ஏறிய பழி: பேய்ப்படங்களில் பதற்றமும் குற்றவுணர்வும்

தாய்லாந்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷட்டர்' படத்தில், விடாத கழுத்துவலியோடு மருத்துவரிடம் போகும் துன் என்ற புகைப்படக்காரன், வழக்கமான சோதனைகளில் ஒன்றாக எடை பார்க்கும் கருவியின் மீது ஏறி நிற்கிறான். ஒல்லியான அந்த இளைஞனின் உடல்வாகுக்குச் சற்றும் பொருந்தாத ஓர் எடையைக் கருவி காட்டுகிறது. கருவியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று பார்வையாளரும் எண்ணிக்கொள்ளும்படி படம் அந்த இடத்தை அதிகம் பெரிதுபடுத்தாமல் கடந்துவிடுகிறது. அவன் யாரைச் சுமந்துகொண்டு நடக்கிறான் என்பது படம் முடியும் தறுவாயில்தான் தெரிகிறது. அது தெரிந்த பிறகு, அதுவரை பார்த்த காட்சிகள் அனைத்திலும் அவன் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டதும், தோளைக் குலுக்கிக்கொண்டதும், தலையைச் சாய்த்து உட்கார்ந்ததும் வேறு பொருளில் நினைவுக்கு வருகின்றன. பேய்ப்படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் அவற்றைப் பற்றி ஆராய்வதற்கு வழியில்லை என்பதால், இக்கட்டுரையில் பல முடிவுகள் வெளிப்படையாகவே சொல்லப்படுகின்றன.

பேய்ப்படத்தில் பதற்றம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால் இருட்டு, திடீர் ஓசை, தானாகத் திறக்கும் கதவு என்று பட்டியலிடுவது எளிது. ஆனால் அவை எல்லாப் பேய்ப்படங்களிலும் இருக்கின்றன. பெரும்பாலான பேய்ப்படங்கள் இரண்டாம் முறை பார்க்கத் தாங்குவதில்லை. தாங்கும் படங்களைக் கூர்ந்து பார்த்தால் அவற்றில் இரண்டு அறியாமைகள் ஒன்றையொன்று நோக்கி நகர்வதைக் காணலாம். பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவன் முன்பு செய்தது நமக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். முதல் அறியாமையைப் படத்தின் சட்டகமும் ஒலியும் உண்டாக்குகின்றன, இரண்டாவதை அவனுடைய மௌனம் உண்டாக்குகிறது. அவன் திரும்பிப் பார்க்கும் கணமும் நமக்கு உண்மை தெரியவரும் கணமும் ஒன்றாகும்போது படம் உச்சத்தை அடைகிறது. அந்தக் கணம்வரை அவனுக்காக நாம் பயந்துகொண்டிருக்கிறோம், அவனையே சந்தேகித்துக்கொண்டும் இருக்கிறோம்.

பதற்றத்துக்கும் திகைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஓர் உவமையைச் சொன்னார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரை 1962இல் எடுத்த நீண்ட பேட்டியில் அது வருகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்த குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடித் திகைப்பு. குண்டு இருப்பது முன்பே பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால், சாரமற்ற அதே பேச்சு முழுவதும் பதற்றமாக மாறிவிடுகிறது. இந்த உவமை பேய்ப்படங்களுக்குப் பாதிதான் பொருந்தும். குற்றவுணர்வைக் கருவாகக் கொண்ட பேய்ப்படத்தில் குண்டை வைத்தது வேறு எவனோ அல்ல, மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பவனேதான். தான் வைத்ததைத் தானே மறந்துவிட்டவன் போல அவன் நடந்துகொள்கிறான். குண்டு எப்போது வெடிக்கும் என்ற கேள்வியோடு, அதை வைத்த கை யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்வதால், இங்கே பதற்றம் இரட்டிப்பாகிறது.

பஞ்சோங் பிசந்தனாகுன், பார்க்பூம் வொங்பூம் இருவரும் இணைந்து இயக்கிய 'ஷட்டர்' இந்த ஏற்பாட்டை மிகச் சாமர்த்தியமாகக் கையாள்கிறது. நண்பர்களின் விருந்து முடிந்து இரவில் திரும்பும் வழியில், துன்னின் காதலி ஜேன் ஓட்டிவந்த கார் சாலையில் ஒரு பெண்மீது மோதுகிறது. இறங்கிப் பார்க்க ஜேன் துடிக்கிறாள், நிற்காமல் ஓட்டு என்கிறான் துன். அதன்பின் அவன் எடுக்கும் படங்களில் வெள்ளைக் கீற்றுகளும் முகம் போன்ற நிழல்களும் விழத் தொடங்குகின்றன. விபத்தில் சாகவிட்டு வந்த பெண்ணின் ஆவி பழிவாங்க வந்திருக்கிறது என்று நாம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறோம். கணக்கு அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே நமக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் விசாரித்துப் பார்க்கும்போது அந்த இடத்தில் விபத்தில் அடிபட்டவர் என்று எவருமே இல்லை என்று தெரியவருகிறது. இயக்குநர்கள் செய்திருப்பது இதுதான்: ஒரு குற்றத்தைத் தொடக்கத்திலேயே நம் கையில் கொடுத்து, அதற்கு அடியில் வேறொரு குற்றத்தைப் புதைத்துவைத்திருக்கிறார்கள். முதல் குற்றத்தில் ஜேனுக்கும் பங்குண்டு, ஆகவே அவள் வருந்துகிறாள், தேடுகிறாள், பேசுகிறாள். துன் பேசுவதில்லை. அவனுடைய மௌனத்தை நாம் அச்சம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது ஒளித்துவைத்தல் என்பது பிறகுதான் விளங்குகிறது.

கல்லூரிக் காலத்தில் துன்னைக் காதலித்தவள் நாட்ரே என்ற கூச்ச சுபாவமுள்ள பெண். நண்பர்களிடம் அந்த உறவைச் சொல்லவே வெட்கப்பட்ட துன், ஒருநாள் அந்த நண்பர்கள் அவளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியபோது தடுக்கவில்லை. அவளை வாய்திறக்கவிடாமல் செய்வதற்காக அவர்கள் சொன்னபடி கேமராவை எடுத்துப் படம்பிடித்தான். நாட்ரே பின்னர் தற்கொலை செய்துகொண்டாள். இந்த உண்மையை ஜேன் கண்டுபிடிக்கும் விதம்தான் படத்தின் ஆகச் சிறந்த கற்பனை என்று நான் நினைக்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று இருவரும் எண்ணியிருக்கும் வேளையில், துன்னின் வீட்டுக்குள் எடுக்கப்பட்ட படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்போது, தரையில் ஓர் உருவம் தவழ்ந்து புத்தக அலமாரியை நோக்கிப் போவதை ஜேன் பார்க்கிறாள். தனித்தனிப் படங்களில் வெறும் கறையாகத் தெரிந்தது, வேகமாகப் புரட்டும்போது அசைவாகிறது. அலமாரிக்குப் பின்னால் பழைய நெகட்டிவ்கள் கிடைக்கின்றன. தொண்டையை நெரிக்கவோ சன்னலுக்கு வெளியே தள்ளவோ செய்யாமல், ஆவி இங்கே ஆவணம் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. கேமராவைக் கொண்டு செய்த குற்றத்துக்குக் கேமராவே சாட்சி சொல்கிறது.

படத்தின் பயமுறுத்தும் உத்திகளும் இதே தருக்கத்திலிருந்துதான் வருகின்றன. மின்சாரம் நின்றுபோன இருட்டில் ஸ்டூடியோவின் ஃபிளாஷ் வெட்டி வெட்டி எரியும் காட்சியில், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையிலான கருமையில்தான் அச்சம் இருக்கிறது. அடுத்த வெளிச்சத்தில் அவள் எங்கே நிற்பாள் என்று கணக்கிட நாம் நிர்ப்பந்திக்கப்படுகிறோம். புகைப்படம் என்பது ஒரு கணத்தை மட்டும் காட்டி மற்றவற்றை மறைப்பது. துன் தன் வாழ்க்கையையும் அப்படித்தான் நமக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கடைசியில், ஜேன் விட்டுப்போன பிறகு, எங்கே இருக்கிறாய் என்று கத்திக்கொண்டு வெற்று வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் போலராய்டு கேமராவால் படம் எடுத்துத் தள்ளுகிறான். எதிலும் நாட்ரே இல்லை. ஆத்திரத்தில் அவன் வீசியெறிந்த கேமரா தானாக ஒரு படத்தை எடுத்துத் துப்புகிறது. அதில் அவன் இருக்கிறான். அவன் தோள்களின் மீது கால்களைத் தொங்கவிட்டு நாட்ரே அமர்ந்திருக்கிறாள். அதுவரை அவன் கேமராவை உலகத்தின் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தான், தன்மீது ஒருமுறைகூடத் திருப்பியதில்லை.

இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நாட்ரேயின் துயரம் கதையின் திருப்பமாகப் பயன்படுகிறதே ஒழிய, அவளுக்கென்று பேச்சோ விருப்பமோ அதிகம் கொடுக்கப்படவில்லை. உயிரோடிருந்தபோது வாயடைக்கப்பட்டவள் ஆவியான பிறகும் ஏறக்குறைய ஊமையாகவே இருக்கிறாள். கீழை நாடுகளின் பேய்ப்படங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் குறை இது. ஆயினும் பார்ப்பவர் மனத்தில் எடை கூடிக்கொண்டே போகும் அந்த அனுபவத்தை இவ்வளவு நேரடியாக உடலில் ஏற்றிக்காட்டிய படம் வேறொன்று எனக்கு நினைவில் இல்லை. 2007இல் தமிழில் வெளிவந்த 'சிவி' இதன் தழுவலே. 2008இல் ஹாலிவுட்டும் கதையை டோக்கியோவுக்குக் கொண்டுபோய் அதே பெயரில் எடுத்தது.

'ஷட்டர்' வானத்திலிருந்து விழுந்ததல்ல. வஞ்சிக்கப்பட்டு இறந்த பெண் திரும்பி வரும் கதைக்கு ஜப்பானில் நெடிய மரபு இருக்கிறது. நான்காம் ட்சுருயா நம்போக்கு எழுதி 1825இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) அரங்கேறிய 'யோட்சுயா கைடான்' என்ற கபுகி (ஜப்பானிய மரபு அரங்கக் கலை) நாடகம் அதன் மூலஊற்றுகளில் ஒன்று. ஜப்பானிய நாடகக்காரர்களும் படக்காரர்களும் இந்தக் கதையைத் தொடங்குமுன் அதன் நாயகி ஓஇவாவின் பெயரால் உள்ள வழிபாட்டிடத்துக்குப் போய் வணங்கிவிட்டு வருவது இன்றும் உள்ள வழக்கம். கதையில் வரும் ஆவிக்குக் கதைக்கு வெளியிலும் மரியாதை செய்தாக வேண்டியிருக்கிறது. பலமுறை படமாக்கப்பட்ட இக்கதையின் வடிவங்களில் நொபுவோ நாககாவா 1959இல் எடுத்தது குற்றவுணர்வின் இயக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. வேலையும் வருவாயும் இல்லாத சாமுராய் இயெமோன், பணக்கார வீட்டுப் பெண்ணை மணப்பதற்காகத் தன் மனைவி ஓஇவாவுக்கு மருந்தென்று சொல்லி நஞ்சைக் கொடுக்கிறான். அவள் முகம் சிதைகிறது. கண்ணாடி முன் அமர்ந்து தலைவாரும்போது சீப்போடு முடி கொத்துக்கொத்தாக வந்துவிடுகிறது. அவள் இறந்தபின் இயெமோன் அவள் உடலையும், கொல்லப்பட்ட உடல்பிடித்துவிடும் தொழிலாளியின் உடலையும் ஒரு கதவுப் பலகையின் இருபுறமும் அறைந்து நீரில் விட்டுவிடுகிறான்.

பிறகு திருமண இரவு. புதுமணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கும் இயெமோனுக்கு அங்கே ஓஇவாவின் சிதைந்த முகம் தெரிகிறது. வாளை உருவி வெட்டுகிறான். விழுந்து கிடப்பவள் புதுமணப்பெண். ஓடிவரும் மாமனாரிடத்தில் அந்தத் தொழிலாளியின் உருவம் தெரிகிறது, அவரையும் வெட்டுகிறான். இந்தக் காட்சியில் ஆவி செய்தது என்ன? தன் முகத்தைக் காட்டியது, அவ்வளவுதான். வாள் அவனுடையது, வீசிய கையும் அவனுடையது. மனைவியை ஒழித்துக்கட்டி எந்த வாழ்க்கையைப் பெற நினைத்தானோ அந்த வாழ்க்கையை அவனே தன் கையால் வெட்டிச் சாய்க்கிறான். ஆவி உண்மையில் வந்ததா, அவன் மனம் வரவழைத்ததா என்ற கேள்வியை நாககாவா தீர்த்துவைப்பதில்லை, தீர்த்துவைக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்று வள்ளுவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கும்படி எடுத்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இங்கே பதற்றத்தின் நுட்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓஇவா விரைந்து வருவதில்லை. எடோ காலத்து ஓவியங்களில் பேய்களுக்குக் கால்கள் வரையப்படுவதில்லை; அவை மிதந்து நிற்கும். நம் ஊரிலும் பேயின் கால் தரையில் பாவாது என்பார்கள். துரத்திக்கொண்டு ஓடிவரும் கொலைகாரனிடமிருந்து தப்ப முடியும், குறைந்தபட்சம் முயற்சியாவது செய்யலாம். நின்ற இடத்திலேயே நிற்கும் பேயிடமிருந்து தப்புவது கடினம், ஏனெனில் ஓடிப்போய்ச் சேரும் இடத்திலும் அது முன்பே நின்றுகொண்டிருக்கும். அதற்கு வேகம் தேவையில்லை. செய்தவன் எங்கே போனாலும் செய்ததைக் கூடவே கொண்டுபோகிறான் என்பதால், பேய்க்குப் பயணச் செலவு கிடையாது.

குற்றவுணர்வுள்ள பேய்ப்படம் எப்போதும் அச்சத்தில்தான் முடிய வேண்டும் என்பதில்லை. கென்ஜி மிசோகுச்சியின் 'உகெட்சு' (1953) படத்தில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பணம் சேர்க்கும் ஆசையில் மனைவியையும் குழந்தையையும் விட்டுப் பிரிந்துபோகும் குயவன் கென்ஜூரோ, வேறொரு மாளிகையில் வேறொரு பெண்ணின் மயக்கத்தில் நாள்களைக் கழித்துவிட்டு ஒருநாள் ஊர் திரும்புகிறான். இருண்ட வீட்டுக்குள் மனைவியின் பெயரைச் சொல்லி அழைத்தபடி நுழைகிறான். அடுப்பு அணைந்து கிடக்கிறது, யாரும் இல்லை. அவன் பின்வாசல் வழியாக வெளியே போய் வீட்டைச் சுற்றி வருவதைக் கேமரா வீட்டுக்குள் இருந்தபடியே பின்தொடர்கிறது. வெட்டே இல்லாமல் கேமரா மீண்டும் முன்பக்கம் திரும்பும்போது அதே அடுப்பில் தீ எரிகிறது, அருகே அமர்ந்து மனைவி சமைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஓட்டத்தில் எடுக்கப்பட்டிருப்பதால், இல்லாமைக்கும் இருப்புக்கும் நடுவே எங்கே கோடு விழுந்தது என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. அவள் குறை சொல்லவில்லை. அவனுக்குச் சோறிடுகிறாள், அவன் தூங்கியபின் அவன் உடையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் படைவீரர்கள் எப்போதோ கொன்றுவிட்டார்கள் என்பது விடிந்தபிறகே அவனுக்குத் தெரிகிறது. நமக்கு அது முன்பே தெரியும், அவளைக் குத்திச் சாய்த்த காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே அந்த இரவு முழுவதும் நாம் காத்திருப்பது பேய் என்ன செய்யும் என்பதற்காக அல்ல, விடிந்தால் இவன் என்ன ஆவான் என்பதற்காக. தண்டிக்க வராமல் மன்னிக்க வந்த ஆவியின் முன் குற்றவுணர்வு இன்னும் கூர்மையாகிறது.

ஏறக்குறைய இதே கதையை மசாகி கொபயாஷி 1964இல் எடுத்த 'குவைடான்' படத்தின் முதல் பகுதி எதிர்த்திசையில் கொண்டுபோகிறது. வறுமைக்கு அஞ்சி அன்பான மனைவியைக் கைவிட்டு வசதியான இடத்தில் மணந்த சாமுராய், பல ஆண்டுகளுக்குப் பின் மனம் வருந்தித் திரும்புகிறான். பாழடைந்த வீட்டில் அவள் சற்றும் மூப்படையாமல் அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள், மன்னிக்கிறாள், இரவைச் சேர்ந்தே கழிக்கிறார்கள். காலையில் அவனருகே கிடப்பது எலும்புக்கூடும் கருங்கூந்தலும். அவன் அலறி எழுந்து உடைந்த பலகைகளில் மோதித் தடுமாறும்போது, இசையமைப்பாளர் தோரு தகெமிட்சு இயல்பான ஓசைகளை நீக்கிவிட்டு, மரம் பிளக்கும் ஒலிகளைக் காட்சியோடு ஒட்டாமல் முன்னும் பின்னுமாக வைக்கிறார். பலகை உடைவது தெரிகிறது, ஓசை கேட்பதில்லை; ஓசை கேட்கிறது, அங்கே எதுவும் உடையவில்லை. செய்ததற்கும் அதன் விளைவு வந்து சேர்வதற்கும் நடுவே கடந்துபோன ஆண்டுகளை இந்த ஒலித் தாமதம் காதுக்குள் கொண்டுவருகிறது என்று எனக்குத் தோன்றும். இரண்டு ஆண்களும் தாமதமாகவே திரும்பினார்கள். ஒருவனுக்குச் சோறு கிடைத்தது, இன்னொருவனுக்குக் கூந்தல்.

மேலை நாட்டுப் பேய்ப்படங்கள் குற்றவுணர்வைப் பெரும்பாலும் வீட்டின் அமைப்புக்குள் கொண்டுபோய் வைக்கின்றன. ஹென்றி ஜேம்ஸின் 1898ஆம் ஆண்டுக் குறுநாவலிலிருந்து ஜாக் கிளேட்டன் எடுத்த 'தி இன்னொசென்ட்ஸ்' (1961) படத்தில், ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் அகன்ற திரையின் இரு ஓரங்களும் இருண்டு போகும்படி கையால் தீட்டிய வடிகட்டிகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு சட்டகத்தின் விளிம்பிலும் ஏதோ நிற்கக்கூடும் என்ற சந்தேகத்தோடே படம் ஓடுகிறது. அதில் பேய்கள் உண்டா, குழந்தைகளைக் காக்க வந்த ஆசிரியையின் ஒடுக்கப்பட்ட மனம்தான் அவற்றைப் பார்க்கிறதா என்று இன்றுவரை வாதம் முடியவில்லை. அந்தப் படத்தின் வாரிசு என்று சொல்லத்தக்க அலெகாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்' (2001) இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், ஜெர்சி தீவின் மூடுபனிக்குள் இருக்கும் வீட்டில் கிரேஸ் என்ற தாய், வெளிச்சம் பட்டால் தீங்கு நேரும் நோய்கொண்ட இரு குழந்தைகளோடு வாழ்கிறாள். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது, திரைச்சீலைகள் எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது வீட்டின் சட்டம். இந்தச் சட்டத்தால் பதற்றத்துக்கான இயந்திரம் முழுவதும் இயல்பாகவே அமைந்துவிடுகிறது: எந்த அறையிலும் வெளிச்சம் கிடையாது, எந்தக் கதவும் சும்மா திறந்திருக்க முடியாது, திறந்திருந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியில் தெரியவருவது, வெளியாட்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. கிரேஸும் குழந்தைகளும்தான் இறந்தவர்கள். தனிமையில் மனம் பேதலித்த ஒரு நாளில் அவளே குழந்தைகளைத் தலையணையால் அழுத்திக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்து அறையில் குழந்தைகளின் சிரிப்பொலி கேட்டபோது, கடவுள் தனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துவிட்டார் என்று நம்பி நடந்ததை மறந்துவிட்டாள். இங்கே நான் முன்பு சொன்ன இரட்டை அறியாமை ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது, குற்றம் செய்தவளுக்கே தன் குற்றம் தெரியாது. திரைச்சீலைகள் மறைத்தது சூரிய வெளிச்சத்தை மட்டுமா என்ற கேள்வி இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் எழுகிறது. அந்தத் தாயின் கண்டிப்பு, வேதாகமப் பாடங்கள், நரகத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் அவள் ஓயாமல் பேசுவது எல்லாமே, மறந்துபோன ஒன்றைச் சுற்றி அவள் எழுப்பிக்கொண்ட வேலியாகத் தெரியத் தொடங்குகின்றன.

தமிழுக்கு வருவோம். 'குற்றவுணர்வு' என்ற சொல் நமக்குப் புதிது. அதற்கு முன்பிருந்தே நம்மிடம் இருப்பது 'பழி' என்ற சொல். அந்த ஒரே சொல் செய்த குற்றத்தையும் குறிக்கும், அதனால் வரும் தூற்றுதலையும் குறிக்கும், அதற்காக எடுக்கப்படும் வஞ்சத்தையும் குறிக்கும். பழி சுமந்தான் என்றால் குற்றவாளி, பழி வாங்கினாள் என்றால் பாதிக்கப்பட்டவள். குற்றமும் தண்டனையும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதால், பேய்க்கதைக்குத் தேவையான கருவைத் தமிழ் மொழியே கொடுத்துவிடுகிறது. தென்மாவட்டங்களில் அநியாயமாகக் கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கிக் கொடை எனப்படும் கோயில் விழா எடுத்து, அவர்கள் கதையை வில்லுப்பாட்டில் பாடும் வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். கொன்றவர்களின் வழிவந்தவர்களும் அந்தக் கொடையில் கைகூப்பி நிற்பதுண்டு.

இவற்றுள் மிகப் பழையது பழையனூர் நீலி கதை. திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழாம் நூற்றாண்டின் ஞானசம்பந்தரே வஞ்சத்தால் ஒருவன் உயிரைக் கொண்ட அந்தப் பெண்ணைக் குறிப்பிடுகிறார். வடிவங்கள் பல உண்டு என்றாலும் நடுக்கூறு ஒன்றுதான். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்து அவ்வழியே வர, பேயாகிய நீலி மனைவி வேடத்தில், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, என்னைக் கைவிட்டுப் போகிறானே என்று பழையனூர் வேளாளர் சபையில் அழுகிறாள். இவள் என் மனைவியில்லை, பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்கிறது. அவனிடம் தற்காப்புக்கு மந்திரக் கத்தி ஒன்று இருக்கிறது. அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் எழுபதுபேரும் பொறுப்பு என்று வாக்களித்து, அவளோடு அவனை ஓர் அறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறாத எழுபதுபேரும் தீக்குளிக்கிறார்கள். நீலிக்கண்ணீர் என்ற வழக்கு நமக்கு எஞ்சியது.

ஹிட்ச்காக் சொன்ன குண்டு இங்கே ஒரு கத்தியின் வடிவில் இருக்கிறது, அதுவும் தலைகீழாக: கத்தி இருக்கும்வரை பதற்றமில்லை, அதை வாங்கி வைத்த கணத்தில் தொடங்குகிறது. கதை கேட்பவருக்கு எல்லாம் தெரியும், சபைக்கு எதுவும் தெரியாது. அதைவிட முக்கியமானது பழி இடம் மாறும் விதம். வணிகனுக்கு முற்பிறவிப் பாவம் நினைவிலேயே இல்லை. நல்லவர்களாக நடந்துகொள்ள முயன்ற எழுபது பேர் தங்கள் தீர்ப்பின் தவறைத் தாங்களே சுமக்கிறார்கள். பேயைவிட, பேயை நம்பிய நியாயவான்களின் குற்றவுணர்வே கதையின் முடிவாக நிற்கிறது. இவ்வளவு சிக்கலான ஒரு கதைக்கட்டை வைத்திருக்கும் மொழியின் சினிமா, பேய்ப்படத்தில் அதைப் பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது வியப்பளிக்கிறது.

1966இல் வந்த 'யார் நீ?' போன்ற படங்களில் பேய் இறுதியில் மனிதச் சதியாக முடிந்துவிடும். பதற்றம் இருக்கும், பழி இருக்காது. பிற்காலத்தில் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) வழியாக உறுதிப்பட்ட நகைச்சுவைப் பேய்ப்படங்களில், முதல் பாதியில் நாயகன் நடுங்கிச் சிரிக்கவைப்பான், பிற்பாதியில் பிளாஷ்பேக் வரும், பேய் நாயகன் உடலுக்குள் புகுந்து வில்லனைக் கொல்லும். 'காஞ்சனா'வில் திருநங்கை ஒருவரின் துயரத்தை வெகுமக்கள் முன் மரியாதையோடு வைத்தது சிறிய காரியமல்ல. ஆனால் இந்தக் கட்டமைப்பில் குற்றம் முழுவதும் வில்லனிடம் குவிந்துவிடுவதால், நாயகனுக்கோ அவனோடு நிற்கும் நமக்கோ அதில் பங்கில்லை. வில்லனுக்குக் குற்றவுணர்வு கிடையாது, பயம் மட்டுமே உண்டு. ஆகவே பிளாஷ்பேக் முடிந்ததும் பதற்றமும் முடிந்துவிடுகிறது, எஞ்சியிருப்பது சண்டைக்காட்சி.

இந்தப் பழக்கத்திலிருந்து விலகிய படங்களில் அறிவழகனின் 'ஈரம்' (2009) குறிப்பிடத்தக்கது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இறந்துபோன ரம்யாவின் ஆவி நீரின் வடிவில் வருகிறது. கண்ணாடியில் வழியும் மழை, குழாயில் கசியும் துளி, தரையில் பரவும் ஈரம் என்று அன்றாடம் வீட்டில் பார்க்கும் பொருளே அச்சமாகிறது. கொலை செய்தவன் கணவன். ஆனால் ஆவி முதலில் தேடிப்போவது, தங்கள் சொந்த மனக்கசப்புகளுக்காக அவளுடைய நடத்தையைப் பற்றிக் கணவனின் காதில் போட்ட அண்டை வீட்டாரை. அவர்கள் யாரும் கத்தியை எடுக்கவில்லை, பேசினார்கள், அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டு வாழும் நகரத்தில் வம்புப் பேச்சும் தண்ணீரைப் போலவே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கசிகிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பலர் அண்டை வீட்டைப் பற்றித் தாங்களும் ஏதேனும் சொல்லியிருப்பார்கள் என்பதால், இங்கே பழி திரையோடு நின்றுவிடுவதில்லை.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) இன்னொரு திசையில் போகிறது. வயலின் கலைஞனான சித்தார்த், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பவானியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறான். அவன் கையைப் பற்றியபடி அவள் இறக்கிறாள். அதன்பின் அவள் ஆவி அவன் வீட்டில் குடியேறுகிறது. அது தன்னைத் துன்புறுத்த வந்ததாகவே அவன் நினைக்கிறான். குளியலறையில் விழுந்த தன் தாயைத் தாக்கியதே அதுதான் என்று நம்புகிறான். உண்மையில் அந்தத் தாயைக் காப்பாற்றியது அது. நம் பேய்ப்படப் பழக்கம் முழுவதையும் இயக்குநர் நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்: அசையும் பொருளையும் நிழலையும் கண்டு நாமும் அவனோடு சேர்ந்து அவளைத் தவறாகவே வாசிக்கிறோம். அவளை மோதியவனைக் கண்டுபிடித்துத் தந்தால் ஆவி அமைதியடையும் என்று அவன் தேடத் தொடங்குகிறான். தேடலின் முடிவில் கிடைப்பது அவனுடைய காரேதான்.

காப்பாற்ற ஓடியவனும் கொன்றவனும் ஒருவனே என்பதும், அது அவனுக்கே தெரியாது என்பதும், பவானிக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே தெரியும் என்பதும் ஒருசேர வெளிப்படுகின்றன. பேய்ப்படத்தின் வழக்கமான அறிவுப் பங்கீடு இங்கே முற்றிலும் மாறிப்போகிறது. அவனுக்கும் நமக்கும் ஒன்றும் தெரியாது; எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பேய், அதுவும் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்தது அவனை மாட்டிவைக்கவும் அல்ல. மகளைக் கொன்றவனைக் கொல்லத் துடிக்கும் தந்தையிடமிருந்து அவள் அவனைக் காக்கிறாள். அந்தத் தந்தை பனிக்கட்டித் தொழிற்சாலையில் உறைபனிக்குள் மகளின் உடலை வைத்துக் காத்துவருகிறார். பழி தீராமல் எரிக்கப் போவதில்லை என்பதுபோல. கடைசியில் அந்த உடலுக்குத் தீ வைப்பது அவளேதான்.